நாலரை மணிக்கு என்ன சாப்பிடுவது: வேலை நாளுக்கும் பின்னேர உடற்பயிற்சிக்கும் ஒரு சாப்பாட்டு ஒழுங்கு

இரவு ஒன்பது மணிக்கு ஜிம் பையோடு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி, கொத்துத் தட்டும் சத்தத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவது லேசான காரியம் இல்லை. அந்த நேரத்தில் மன உறுதியைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. மத்தியானம் ஒரு பார்சல் சோறு, நாலு மணிக்கு ஒரு ரோல்ஸும் பால் தேத்தண்ணியும், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்று கிடந்த வயிறு ஒன்பது மணிக்குக் கொத்தைத்தான் கேட்கும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. ஒரு கொத்து அதைப் பல மடங்காகத் திருப்பித் தந்துவிடும். இரவுச் சாப்பாட்டைத் திருத்த நினைக்கிறவர் முதலில் கை வைக்க வேண்டியது பின்னேரம் நாலரை மணியில்.

கீழே வரும் கணக்கு காலை எட்டரையிலிருந்து ஐந்து வரை வேலை, ஆறு அல்லது ஆறரைக்கு உடற்பயிற்சி, எட்டரைக்கு வீடு என்று ஓடும் நாளுக்கானது. ஷிப்ட் வேலைக்காரர் மணியை மாற்றிக்கொள்ளலாம். இடைவெளிகள் அப்படியே இருக்கட்டும்.

புரதக் கணக்கு

கிழமையில் நாலைந்து நாள் உடற்பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும். 65 கிலோ என்றால் நாளுக்கு 78 முதல் 104 கிராம். இதை இரவு ஒரே நேரத்தில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் 25, 30 கிராமாகப் பிரித்து, மிச்சத்தைப் பின்னேரத்துக்கு விடுங்கள்.

நம் வீட்டுச் சாமான்களில் இது எங்கே இருக்கிறது? ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த மீன் அல்லது தோலில்லாக் கோழி 100 கிராமில் 20 முதல் 30 கிராம் வரை. கெட்டியாக அவித்த பருப்பு 100 கிராமில் 9, அவித்த கடலையிலும் கௌபியிலும் 8 கிராமளவு. சோயா மீற் காய்ந்த நிலையில் 40 கிராம் எடுத்தால் 20 கிராம் கிடைக்கும். தயிர் ஒரு கப்பில் 8 கிராம். இந்தக் கணக்குத் தெரிந்தால் புரதப் பவுடர் டப்பா பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. சாப்பிட நேரமே கிடைக்காத நாளுக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

காலைச் சாப்பாடுதான் பலருக்கு ஓட்டை. எட்டு இடியப்பம், சொதி, சம்பல் என்றால் வயிறு நிறையும், புரதம் மிகக் குறைவு. பத்தரைக்கே கை பிஸ்கட்டைத் தேடும். இடியப்பத்தை ஐந்தாக்கி, கெட்டிப் பருப்பு அரைக் கப்பும் அவித்த முட்டை இரண்டும் சேருங்கள். பாண் என்றால் கால் இறாத்தல், அதோடு முட்டை அல்லது மீன் கறி. நேரமே இல்லாதவர் முதல் நாள் அவித்த கௌபி ஒரு கப்பில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப்போட்டு, தேசிக்காய் பிழிந்து பெட்டியில் எடுத்துப் போகலாம். அதில் 13 கிராம் புரதம் உண்டு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

மத்தியானப் பெட்டி ஏன் பழுதாகிறது

வீட்டிலிருந்து கொண்டுபோகத் தொடங்கியவர்கள் இரண்டு கிழமையில் கைவிடுவதற்குப் பெரிய காரணம் சோம்பல் அல்ல, மணம். காலை ஐந்தரைக்குக் கட்டிய சோறு மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது: ஏழரை மணித்தியாலம், அதுவும் கொழும்புச் சூட்டில். சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதுதான் பொது விதி. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு பிறகு மைக்ரோவேவில் சூடாக்கினாலும் போகாது.

ஆவி பறக்கும் சோற்றைப் போட்டு மூடியை அழுத்துவதுதான் முதல் பிழை. மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றில் சொட்டி, ஓரம் நசநசவென்று ஆகும். கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். சோற்றைத் தட்டில் பரப்பி, விசிறிக்குக் கீழே 15, 20 நிமிடம் ஆறவிட்டுப் பிறகு கட்டுங்கள். இன்னும் நல்லது, இரவே சமைத்து ஆறவைத்து, பெட்டியோடு பிரிட்ஜில் வைத்து, காலையில் குளிரோடு எடுத்துப் போவது. வேலைத்தலத்தில் பிரிட்ஜ் இருந்தால் போனவுடன் அதற்குள் வையுங்கள். இல்லையென்றால் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பை வாயைக் கட்டுங்கள். சாப்பிடும்போது ஆவி வரும்வரை சூடாக்குங்கள், வெதுவெதுப்பு போதாது.

அடுத்தது கறி. முதலில் புளிப்பது பச்சைத் தேங்காய்ப்பூ போட்டவை: சம்பல், வல்லாரைச் சம்பல். அதற்குப் பின் பால் விட்ட கறிகள், தண்ணீராக விட்ட பருப்பு. தாக்குப்பிடிப்பவை வற்றவைத்த பிரட்டல்கள், கொறுக்காய்ப்புளி போட்டு வரட்டிய சூரை, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், நன்றாக வறுத்த நெத்தலி. பிரிட்ஜ் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர் தாக்குப்பிடிக்கும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கீரை வேண்டுமென்றால் தேங்காய்ப்பூவைச் சட்டியில் நன்றாகச் சூடேறும்வரை கிளறி வறையாகச் செய்யுங்கள். இவை கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், நாள் முழுக்க வெளியில் நிற்கும் என்பதில்லை.

அளவு: சமைத்த சிவப்பரிசிச் சோறு ஒன்றரைக் கப், மீன் அல்லது கோழி இரண்டு நல்ல துண்டு, கெட்டிப் பருப்பு அரைக் கப், மிச்ச இடம் முழுக்க மரக்கறியும் கீரையும். 900 மில்லிலீற்றர் பெட்டியில் இது சரியாக அடங்கும். பெரிய பெட்டி வாங்கினால் மிஞ்சிய இடத்தைச் சோறுதான் பிடிக்கும்.

கடையில் வாங்கும் நாளில் பார்சல் கட்டத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள்: "அண்ணை, சோத்தைப் பாதியாக்கி, பருப்பும் கீரையும் கூடப் போடுங்கோ. பொரியல் வேண்டாம், குழம்பு மீன் தாங்கோ." அகப்பை சோற்றுக்குள் போன பிறகு சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

நாலரை மணி

உடற்பயிற்சிக்கு 60 முதல் 90 நிமிடத்துக்கு முன் 200, 250 கலோரியளவில் ஏதாவது போக வேண்டும். மாச்சத்து முக்கியம், கொழுப்புக் குறைவாக இருக்க வேண்டும். கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் தங்கும். ரோல்ஸ், பட்டிஸ், வடை சாப்பிட்டு ஓடப்போகிறவருக்கு நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் வருவது இதனால்தான். காலிமுகத்திடலில் நடக்கிறவர்கள் இறால் வடையை நடை முடிந்த பிறகாவது பாருங்கள்.

தோதானவை: கோழிக்கூட்டு வாழைப்பழம் இரண்டும் ஒரு சின்னப் பிடி கச்சானும், அவித்த வற்றாளங்கிழங்கு 150 கிராமும் ஒரு முட்டையும், அல்லது பாண் இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு முட்டை. அவித்த கடலை பாரம் தூக்குகிறவருக்குச் சரி, 90 நிமிட இடைவெளி விட்டால். சுதந்திர சதுக்கத்தில் ஓடுகிறவருக்குச் சரிவராது, வயிறு ஊதி விலாவில் பிடிக்கும். அவர் கடலையை மத்தியானத்துக்குத் தள்ளட்டும். கூட்டம் நீண்டு ஐந்தே முக்கால் ஆகிவிட்டதா? அப்போது ஒரு வாழைப்பழம் மட்டும் போதும்.

இந்தச் சாப்பாட்டை காலையிலேயே பைக்குள் வைத்துவிடுங்கள். நாலரைக்கு வெளியே போய் வாங்கலாம் என்று விட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸ்தான் கைக்கு வரும்.

பால் தேத்தண்ணிக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒரு தேக்கரண்டி சீனி 4, 5 கிராம். மூன்று கரண்டி வீதம் நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 36 முதல் 45 கிராம் வரை வரும். உலக சுகாதார அமைப்பு 2000 கலோரி உண்பவருக்கு விதிக்கும் மேல் எல்லை 50 கிராம், 25க்குள் நிற்பது இன்னும் நல்லது என்கிறது. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். போத்தல் பானம் வாங்கினால் முகப்பில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை. இந்த முறை இலங்கையில் 2016இல் வந்தது. உடற்பயிற்சிக்கு உசாராக இருக்கட்டும் என்று ஐந்து மணிக்குக் கோப்பி குடிக்கிறவர்கள், அதில் பாதியளவு கஃபீன் இரவு பத்து மணிக்கும் உடம்பில் நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் அளவை அறிய, ஒரு நாள் உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் போனது அரை லீற்றர். 600, 750 மில்லிலீற்றராக ஆறுதலாகக் குடித்து ஈடுசெய்யுங்கள். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, உப்புச் சத்துக் குறைவு. நன்றாக வியர்த்த நாளில் இளநீரோடு உப்புள்ள இரவுச் சாப்பாடும் சேர்ந்தால் சரியாகிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர் இளநீரை வைத்தியரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

இரவு, இருபது நிமிடத்தில்

நாலரைக்குச் சாப்பிட்டவருக்கு எட்டரைக்கு வெறி பிடித்த பசி இருக்காது. முக்கால் கப் சோறு அல்லது நாலைந்து இடியப்பம், புரதம் 25 கிராம், ஒரு மரக்கறி. டின் மீனை வடித்து, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, தேசிக்காய்ப் புளியோடு பிசைந்தால் அடுப்பே வேண்டாம். சோயா மீற்றைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு தரம் பிழியுங்கள், பச்சை மணம் அப்போதுதான் போகும். பைக்கற்றோடு வரும் மசாலாவில் உப்பு அதிகம், பாதி போட்டால் போதும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழித்துப் படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம்

ஒருவருக்கு ஐந்து நாளுக்கு: கடலை 250 கிராம், எலும்பில்லாக் கோழி 750 கிராம், முட்டை பத்து. கடலையைச் சனி இரவு ஊறப்போடும்போது பிரிட்ஜுக்குள் வையுங்கள், வெளியில் விட்டால் காலையில் நுரைத்திருக்கும். பிரஷர் குக்கரில் முதல் விசில் வந்தபின் தீயைக் குறைத்து 15 நிமிடம். அப்பச்சோடா போடாதீர்கள், பி விற்றமின்களை அழித்துவிடும். அவிந்ததை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கில் 10 கிராமளவு புரதம் வரும்.

கோழியைப் பால் விடாமல் பிரட்டலாக இறக்குங்கள். பால் கறி உறைந்து உருகும்போது திரிந்து தண்ணீர் வேறு எண்ணெய் வேறாக நிற்கும். பால் வேண்டுமென்றால் சூடாக்கும் நேரத்தில் இரண்டு கரண்டி விடலாம். தட்டையான பெட்டியில் மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் போடாதீர்கள். ஆழமான சட்டியோடு பிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். திங்கள், செவ்வாய், புதன் பங்கு கீழ்த் தட்டில், வியாழன், வெள்ளிப் பங்கு உறைபகுதியில். உறைந்ததை முதல் நாள் இரவு கீழே இறக்கினால் காலையில் தயார். கீரையை முன்கூட்டிச் சமைக்க வேண்டாம். கழுவி, ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் என்றால் கோழியை நாலு பங்காக்கி, அன்றைக்குப் பருப்பு ஒரு கப், கடலை, தயிர், சோயா என்று சேருங்கள். போயா நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டு, சூப்பர் மார்க்கெட்டிலும் இறைச்சி கிடைக்காது. போயா ஞாயிறில் வந்தால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்ளசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுக்கிறவர்களும் இந்த நேர ஒழுங்குக்கு மாறும் முன் வைத்தியரிடம் மருந்தளவைக் கேளுங்கள். பின்னேர உடற்பயிற்சியில் இரத்தச் சீனி திடீரென்று இறங்கலாம், சில வேளை நடுச்சாமத்திலும். தொடங்கும் முன் ஒரு தரம் சோதித்து, பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே நிறுத்தி 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள்.