கால்வாய் ஓரத் தெருவுக்கு வண்ணம் பூசும் முன்

வேலூரில் பெயின்ட் வேலை செய்கிறேன். நிக்கல்சன் கால்வாய் ஓரத்துத் தெருப்பிள்ளைகள் திரானா நகரத்துப் படங்களைக் காட்டி, "நம் தெருவையும் இப்படி மாற்றலாமா அண்ணா?" என்று கேட்டார்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் பெயின்ட் டப்பாவைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

திரானா அல்பேனியாவின் தலைநகரம். 1991-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்ததும் கேட்பாரில்லாமல் போனது. லானா ஆற்றங்கரையிலும் பூங்காக்களிலும் அனுமதியற்ற கடைகளும் கட்டடங்களும் முளைத்தன. 2000-ல் மேயரான எடி ராமா ஓர் ஓவியர். மாநகராட்சியில் பணமில்லை. வெளிறிய அடுக்குமாடி முகப்புகளில் ஆரஞ்சும் மஞ்சளும் பச்சையுமாகப் பூசவைத்தார். ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகளை இடித்து, புல்லும் மரமும் வைத்தார். படங்களில் கண்ணுக்குப் படுவது வண்ணம். நகரத்துக்கு மூச்சு கொடுத்தது அந்தக் கரை என்பேன்.

ஆகவே முதல் வேலை கால்வாய். தூர்வார வேண்டும் என்று தெருவார் எல்லாரும் கையெழுத்திட்டு, வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிலும் மனு கொடுங்கள். கரையில் தள்ளுவண்டி வைத்துப் பிழைப்பவர்களுக்கு மாற்று இடம் பேசி முடிக்காமல் அவர்களை நகர்த்தாதீர்கள். அது பாவம்.

கால்வாய்க்கும் பெயின்டுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? சுவரின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை வெள்ளையாக உப்பு பூத்து, காரை விரலோடு மாவாக உதிர்ந்தால், தேங்கிய நீரின் ஈரம் சுவரில் ஏறுகிறது. அதன்மேல் எந்த பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் கொப்புளித்து உரிந்துவிடும். நீர் வடிந்த பிறகு, கெட்ட காரையைச் செங்கல் தெரியும்வரை கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசி, ஒரு மாதமாவது உலரவிடுங்கள். பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவுங்கள். பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்பின் வெளிச்சுவருக்கான எமல்ஷன் பெயின்ட் இரண்டு கை.

தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் நம் ஊர்ச் சுவர் அடுப்புக்கல்லாகக் காயும். பிரஷ் இழுக்கும்போதே பெயின்ட் உலர்ந்து திட்டுத்திட்டாகிவிடும்.

நிறத்தை வீட்டுக்காரர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவரிலேயே ஒரு முழ அகலத்துக்குப் பூசிக் காட்டி, காலையிலும் மாலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். மேற்குப் பார்த்த சுவருக்குப் பளிச்சென்ற சிவப்போ ஊதாவோ வேண்டாம், சீக்கிரம் வெளுக்கும். திரானாவிலும் பல முகப்புகள் மங்கித்தான் போயின. காவி, மஞ்சள்காவி போன்ற மண் நிறங்கள் வெயிலைத் தாங்கும். நம் தெருவுக்கு அவை அழகாகவும் பொருந்தும்.

மிச்ச பெயின்டை இறுக மூடி நிழலில் வையுங்கள். ஒவ்வொரு வீட்டின் நிற எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் சுவர்களின் அடிப்பகுதியை மட்டும் பார்த்து, பெயர்ந்த இடங்களுக்கு ஒட்டுப் போடுங்கள்.