வலி படுக்க வைக்கும் நாளில் சுகரைப் பார்த்துக்கொள்வது எப்படி?

சுகர் வந்தவர்களுக்குச் சொல்லும் அறிவுரையெல்லாம் நல்ல காலும் நல்ல இடுப்பும் உள்ளவர்களை நினைத்துச் சொல்வது. "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்பார்கள். எனக்கு இடுப்பில் டிஸ்க் விலகி ஒன்பது வருஷம். சுகர் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. சில நாட்களில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போவதே பெரிய பாடு. என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன். வலி குறைந்திருக்கும் நாளிலேயே வலி கூடும் நாளுக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிக்கும் இதுதான் அடிப்படை.

படி 1: சுகர் நோட்டில் வலிக்கும் ஒரு கட்டம்

தேதி, நேரம், சுகர் அளவு எழுதும் நோட்டில் இன்னொரு கோடு போட்டு, அன்றைய வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு மார்க் கொடுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே விஷயம் புரிந்துவிடும். என் நோட்டில் வலி 3 என்று எழுதிய நாளில் வெறும் வயிற்றில் 128. வலி 8 என்று எழுதிய நாளில் 171. இரண்டு இரவும் சாப்பிட்டது அதே மூன்று இட்லிதான்.

வலி கூடினால் உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும். அவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. இது தெரியாமல் பல நாள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடந்திருக்கிறேன். பலருக்கும் சொல்லப்படும் இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 180க்குள். வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்களுக்கும் இது மாறும். உங்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 2: எல்லா மாத்திரையும் ஒரே பையில்

வலிக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, தூது போக வேண்டியது நாம்தான். அட்டை அட்டையாக இருப்பதை அப்படியே பையில் போட்டு இரண்டு பேரிடமும் காட்டுங்கள்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. பிரஷருக்கு டெல்மிசார்டன் மாதிரி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் பரிசோதனைகளான கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேளுங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை சிலருக்குச் சுகரை இறக்கும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் தூக்கத்தைக் கொடுக்கும், எடையைக் கூட்டும், காலை வீங்க வைக்கும். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்துப்போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெயர் தெரியாமல் பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் "வலி செட்" மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் நமக்குத் தெரியாது.

ஸ்டீராய்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வலிக்காக முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்றாம் நாள் காலை மீட்டரில் 286. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று புது ஸ்டிரிப் வாங்கி வரச் சொல்லி மறுபடி குத்தினேன். 279. அந்த ஊசி சுகரைச் சில நாட்கள், சமயத்தில் ஒரு வாரத்துக்கும் மேல் ஏற்றி வைக்கும் என்று போட்ட இடத்தில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூட்டில் போட்டாலும் இதே கதைதான். ஊசிக்கு முன்பே சுகர் டாக்டரிடம் சொல்லி, அந்த நாட்களுக்கு மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

படி 3: கட்டில் ஓரத்தில் ஒரு டப்பா

என்னுடையது பழைய பிஸ்கட் டின். மீட்டர், ஸ்டிரிப், விரலில் குத்தும் ஊசி, இரண்டு நாள் மாத்திரை, சின்னப் பொட்டலங்களில் சர்க்கரை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், ஈரத்துணி, காய்ந்த துணி. பழம் சாப்பிட்ட விரலைத் துடைக்காமல் குத்தினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் அது வலி மாத்திரையின் மயக்கமா, லோ சுகரா என்று யோசித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

படி 4: நிற்காமல் கிடைக்கும் சாப்பாடு

வலி நாளில் நம் எதிரி டீயும் ரஸ்க்கும். கைக்கு எட்டுவது அதுதானே! கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ மொத்தமாக வேக வைத்துச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போடுங்கள். பொட்டுக்கடலை, வேக வைத்த முட்டை, தயிர் எப்போதும் இருக்கட்டும். காய் நறுக்க அடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். கிளிமெபிரைடு என்ற சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டால் சுகர் திடீரென்று இறங்கும். சாப்பிட முடியாத நாளில் எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று முன்பே கேட்டு எழுதி வையுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 5: முடிந்த அசைவு

சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்தாலே பலன் உண்டு. அதுவும் முடியாதா, சரி, நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். உங்கள் வலிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் நல்லது.

படி 6: குனியாமல் பாதம் பார்ப்பது

இரவு படுக்கும் முன், போனைக் கீழே மோடாவில் சாய்த்து, டைமர் வைத்துப் பாதத்தைப் படம் பிடிப்பேன். விரலிடுக்கை மட்டும் வீட்டில் யாராவது பார்ப்பார்கள். இடுப்புக்கு வைத்த வெந்நீர்ப் பையைக் கால் பக்கம் தள்ளாதீர்கள். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றி விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை மட்டுமல்ல, பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும்.

300க்கு மேலேயே சுகர் நின்றாலோ, வாந்தியோடு மூச்சு வாங்கினாலோ, பாதத்தில் புண் கறுத்தாலோ, திடீரென்று கால் பலவீனமாகிச் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நோட்டில் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.