‘மேட்ச்’ என்னும் சொல்லின் பொருளைப் பிரித்தறிவது எப்படி?

ஆங்கிலத்தின் ‘மேட்ச்’ ஒரே சொல்லன்று, ஒலியால் ஒன்றுபட்ட இரு சொற்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நல்ல அகராதிகள் அவற்றை 1, 2 என எண்ணிட்டுத் தனித்தனியே தரும்.

பின்னர், வாக்கியத்தில் இணை என்னும் கருத்து இருக்கிறதா எனப் பாருங்கள். புடவைக் கரையின்மேல் ரவிக்கைத் துணியை வைத்து நிறம் ‘மேட்ச்’ ஆகிறதா என்று பார்ப்பதும், திருமணப் பொருத்தமும், கிரிக்கெட் மேட்சும், துணை என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தவை. நிகரானவரோடு மோதுவதே போட்டி என்பதால் எதிராளியும் இணையானார். இந்தப் பொருள்மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

நெருப்போடு தொடர்பிருந்தால் அது மற்றொரு சொல். விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, பீரங்கிக்குத் தீயிடும் கயிற்றுத் திரிக்கும் பெயராகி, இன்று சிவகாசித் தீப்பெட்டிக்குள் இருக்கும் குச்சியைக் குறிக்கிறது.