வார்ம், பிரைட், சவுண்ட்ஸ்டேஜ்: காதாலயே கத்துக்கலாம் வாங்க

ஸ்பீக்கர் ரிவ்யூல "நல்லா வார்மா இருக்கு, சவுண்ட்ஸ்டேஜ் அகலம்"னு எழுதியிருப்பாங்க, புதுசா வர்றவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனா இதெல்லாம் சும்மா அளந்துவிடுறது இல்லங்க. 1962-ல அமெரிக்காவுல ஸ்டீரியோஃபைல் பத்திரிகைய ஆரம்பிச்ச ஜே. கார்டன் ஹோல்ட், மீட்டர் ரீடிங் மட்டும் பத்தாது, காதுல கேட்டு எழுதணும்னு இறங்குனாரு, அப்படி எழுத வார்த்தை வேணும்ல, அதுல பலதும் அவரால பரவினதுதான். ஒவ்வொரு வார்த்தையையும் உங்க வீட்லயே வரவழைச்சு கேட்டுடலாம்.

படி 1: மனப்பாடமா தெரிஞ்ச ஒரே ஒரு பாட்டு எடுங்க. நான் எடுக்கிறது கச்சேரி ரெக்கார்டிங், குரல், வயலின், மிருதங்கம், அவ்ளோதான். ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமா இருக்கணும், ட்வீட்டர் (ஸ்பீக்கர்ல கீச்சு சத்தத்தைக் கொடுக்கிற சின்ன வட்டம்) காது உயரத்துல. வால்யூமை நடுவுல தொடவே தொடாதீங்க, கொஞ்சம் சத்தம் ஏறினாலே நல்லா இருக்கிற மாதிரி காது நம்பிடும்.

படி 2: ஸ்பீக்கரை சுவரோட ஒட்டி வைங்க. மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் அடிக்கும்போது கவனிங்க, ஒரு அடி முடியறதுக்குள்ள அடுத்தது வந்து மேல விழுந்து ரூமே கும்முனு இருக்கும். இதைத்தான் பூமின்னு சொல்றாங்க (நம்ம பூமி இல்ல, பூம் பூம்னு அதிர்றது). பேஸ், அதாவது கனமான அடி சத்தம், நாலாபக்கமும் பரவி சுவர்ல பட்டு திரும்பி வந்து சேர்ந்துக்கிறதால அப்படி, மூலையில வச்சா இன்னும் மோசம். இப்ப ரெண்டு அடி முன்னாடி இழுங்க. அடி விழுந்துச்சா, நின்னுச்சா, தனித்தனியா கேக்குதா? அது டைட்.

படி 3: போன்ல ஈக்வலைசர் (அடி சத்தம், கீச்சு சத்தம்னு தனித்தனியா ஏத்தி இறக்குற செட்டிங்) திறந்து 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏத்துங்க. குரல் கனமா இதமா வரும், அது வார்ம். இன்னும் ஏத்துங்க, போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிடும், அது மட்டி (இங்கிலீஷ் muddy, சேறு மாதிரி கலங்கினது). பழையபடி இறக்கிட்டு 6000-8000 பக்கம் ஏத்துங்க, ஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு 'ஸ'வும் உஸ்ஸுனு காதைக் குத்தும், சிபிலன்ஸ். மேல் பக்கம் மொத்தமா தூக்கினா பிரைட். இதுல ரொம்ப பேர் ஏமாறுறாங்க, கடையில அஞ்சு நிமிஷம் கேக்கும்போது எல்லாம் துல்லியமா தெரியிற மாதிரி இருக்கும், வீட்ல ஒரு மணி நேரம் கேட்டாதான் காது சோர்ந்து போறது தெரியும், அதனால தயவுசெஞ்சு அவசரப்பட்டு வாங்காதீங்க.

படி 4: கண்ணை மூடுங்க. பாடுறவர் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல உக்காந்திருக்கணும், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். அந்த மொத்த மேடைதான் சவுண்ட்ஸ்டேஜ், அதுல யார் எங்கன்னு கையைக் காட்டி சொல்ல முடிஞ்சா இமேஜிங் நல்லா இருக்குன்னு அர்த்தம். நடுவுல ஆளே இல்லையா, பேஸும் மெலிஞ்சு கிடக்கா? ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டு ஒயரைப் பாருங்க. எனக்கு இதான் நடந்துச்சு, மாட்டிக் கொடுத்தவர் ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் பிளஸ் மைனஸை மாத்தி மாட்டிட்டாரு, மூணு மாசம் ஸ்பீக்கரைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன். சிவப்பை சிவப்புல சொருகி திரும்ப ஆன் பண்ணினேன், ஆலாபனை ஆரம்பிச்சுச்சு, டிவி ஸ்டாண்டுக்கு மேல சரியா நடுவுல வந்து உக்காந்துட்டாரு பாடகர்.