தோட்டப்புறப் பங்குக்கு ஓராண்டு வரும் ஃபாதர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

கத்தோலிக்கப் பங்குக் குரு மேற்படிப்புக்கோ நீண்ட விடுப்பிலோ போனால், அவர் இடத்தைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் வருவதுண்டு. கூலிம், பாடாங் செராய், பீடோங் மாதிரி மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப் பூசைக்கு ஆள் வேண்டுமே. வருகிறவர்கள் நல்லவர்கள்தான், பிரசங்கமும் நன்றாகவே இருக்கும். ஆனால் நாம் தமிழில் பேசுகிறோம், தாலி கட்டுகிறோம், மீன் குழம்பு வைக்கிறோம் என்பதைப் பார்த்ததும், திண்டுக்கல் பக்கத்துப் பங்கு ஒன்றுக்குத்தான் மாற்றலாகி வந்திருக்கிறோம் என்று நினைத்துவிடுகிறார்கள். தவறுகளில் முக்கால்வாசி அதில்தான் ஆரம்பம்.

முதலில் கிழமைக் கணக்கு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகமும் தமிழ்ப்பள்ளியும் திறந்திருக்கும். இது தெரியாமல் ஞாயிறு காலை மறைக்கல்வி என்று அறிவித்தால் பெஞ்சுகள்தான் வந்து உட்காரும். உயிர்ப்பு ஞாயிறன்றும் பள்ளி உண்டு. புனித வெள்ளிக்குப் பொது விடுமுறை சபா, சரவாக்கில் மட்டும்தான். கெடாவில் வெள்ளியே வார விடுமுறை என்பதால் அரசு ஊழியருக்குக் கவலையில்லை. சனி, ஞாயிறு விடுமுறையுள்ள தொழிற்சாலைக்காரர் லீவு போட்டால்தான் மூன்று மணி வழிபாட்டுக்கு வர முடியும். அட்டவணை போடுவதற்கு முன் பங்குப் பேரவையில் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வீடு சந்திப்பிலும் இதே கதை. விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்ச் செம்பனைக் குலை (பாமாயில் எடுக்கும் குலை) வெட்டிவிட்டு வந்தவர் மதியம் இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். அப்போது கதவைத் தட்டினால் எழுந்து, சட்டை மாட்டி, மைலோ கலக்கித்தான் கொடுப்பார், மரியாதை அது. ஐந்து மணிக்குமேல் போங்கள்.

அப்புறம், “உங்களுக்கு எந்த ஊர்?” ஊரில் பேச்சைத் தொடங்க எல்லாரும் கேட்கிற கேள்விதான். இங்கே நான்காம், ஐந்தாம் தலைமுறை. பாட்டனார் எந்தக் கிராமத்தில் கப்பலேறினார் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கோ இந்தக் கேள்வி அடுத்து எங்கே போகும் என்றும் தெரியும். ஊர், தெரு, அப்புறம் சாதி. ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, “நான் மூணாம் நம்பர் டிவிஷன், ஃபாதர்” என்று தோட்டப் பிரிவின் பெயரைச் சொல்வார். பதில் சொல்லிவிட்டார், கதவையும் சாத்திவிட்டார். எந்தத் தோட்டத்தில் வளர்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டின காலம், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீடு, கள்ளுக்கடை, தோட்டம் கைமாறியது என்று இரண்டு மணி நேரம் பேசுவார்.

தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பல லயங்களில் இப்போது இருப்பது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வந்தவர்கள் இருந்தால் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். “நான் தமிழ் மக்களுக்காக வந்தவன்” என்று அவர்களை ஒதுக்குவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அவர்களுக்கு மலாய் மொழியில் பூசை வைக்கலாம். அதில் எழுதியிருப்பதைப் பெரும்பாலும் அப்படியே வாசிக்கலாம். சில வாரம் உட்கார்ந்தால் பூசைப் புத்தகத்தைத் தடுமாறாமல் படிக்க வந்துவிடும். ஆனால் தோட்டம் கம்பெனியின் சொத்து. காவல் சாவடியில் சிலுவையைக் காட்டிவிட்டு உள்ளே போக முடியாது. நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கம்பெனி நிலம் என்பதைத் தோட்டத்துச் சிற்றாலயத்தைப் பார்க்கும்போதும் மறக்கக் கூடாது. ஒழுகும் கூரையைப் பார்த்ததும் மனசு கேட்காது, சரி. ஒழுகலை அடைக்கலாம். டைல்ஸ், கெபி (குகை வடிவச் சிற்றாலயம்), கொடிமரம் என்று மக்களிடம் வெள்ளி (மலேசியப் பணமான ரிங்கிட்) வசூலித்துப் பெரிதாகக் கட்டிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். நாளை தோட்டம் விற்கப்பட்டால் இடித்தது யார், இழப்பீடு யாருக்கு என்று அலைவது மக்கள்.

வெள்ளி என்றதும் இன்னொன்று. சொந்த ஊர்க் கோவில் கட்டட நிதிக்கு ரசீதுப் புத்தகம் கொண்டுவராதீர்கள். ஆயரின் அனுமதியில்லாமல் திரட்டுவது முறையல்ல. கேட்டால் கொடுப்பார்கள், அதனால்தான் கேட்கக் கூடாது.

சட்ட விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. கோவிலில் தாலி கட்டியது மட்டும் அதற்குப் போதாது. பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். திருமணப் பதிவுக்கு நியமிக்கப்பட்ட துணைப் பதிவாளர் நீங்கள் அல்ல என்பதையும் மணமக்களிடம் சொல்லிவிடுங்கள். அதேபோல், முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு. கெடாவிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. ஊரில் பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுத்த பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மாட்டிக்கொண்டால் உங்களோடு முடியாது. நீங்கள் இங்கே தங்குவதற்கான பாஸுக்குப் பொறுப்பேற்ற மறைமாவட்டமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஜூலையில் பக்கத்து மாநிலமான பினாங்கின் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் புனித அன்னாள் திருவிழா வரும். 26ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் பங்கில் வேறு எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள். பாதிப் பங்கு அங்கேதான் இருக்கும், உங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.