ஐரிஷ் செட்டர்: நிறத்தைப் பார்த்து வாங்கினால் வரும் வம்பு

பளபளக்கும் செம்பழுப்பு நிறம், காதிலும் வாலிலும் தொங்கும் பட்டு மயிர். ஐரிஷ் செட்டர் நாயைப் பலர் வாங்குவது இதற்காகத்தான். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. அயர்லாந்தின் சதுப்பு நிலங்களிலும் மேடுகளிலும் நாள் முழுக்க ஓடிப் பறவை தேடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம் இது. துப்பாக்கி பரவுவதற்கு முன், வேட்டைக்காரர்கள் வலை வீசிப் பறவை பிடித்தார்கள். வாடை பிடித்த நாய் தரையோடு தரையாகப் பதுங்கும்; வலை அதற்கு மேலாகவே போய் விழும். அந்தப் பதுங்கலிலிருந்து வந்த பெயர்தான் செட்டர். இன்றைக்கும் சில மாதக் குட்டி ஒன்று, தோட்டத்தில் புறாவைக் கண்டதும் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, வாலை நீட்டி, சிலையாக நின்றுவிடும். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட நாயைத் தெருமுனை வரை நடத்திக் கூட்டி வந்தால் போதுமா? வளர்ந்த செட்டருக்குத் தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் வேண்டும் என்கிறது பிரிட்டனின் கென்னல் கிளப். அது கிடைக்காதபோதுதான் சோபா கிழிகிறது, செருப்பு காணாமல் போகிறது. அதற்காகக் குட்டியைச் சைக்கிள் பின்னால் ஓடவிடுவதும் தப்பு. ஒன்றரை வயது வரை எலும்பும் மூட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதுவரை விளையாட்டும் சின்ன நடையும் போதும்.

‘மூன்று வயதாகியும் புத்தி வரவில்லை’ என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. முட்டாள் நாய் என்ற பட்டம் இதற்கு அநியாயம். மெதுவாக முதிரும் இனம், அவ்வளவுதான். அதட்டினால் சுருங்கிப்போகும், அடித்தால் நம்பிக்கையே போய்விடும். ஒரே பாடத்தைச் சிரித்த முகத்தோடு நூறு முறை சொல்லத் தெம்பு வேண்டும். வேலியில்லாத இடத்தில் மட்டும் சங்கிலியை அவிழ்க்காதீர்கள். காற்றில் பறவை வாடை வந்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது.

உயிருக்கே உலை வைப்பது சாப்பாட்டு விஷயம். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். ஒரே வேளையில் தட்டு நிறையப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். வயிறு வீங்கி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், எச்சில் வடித்தபடி நிலைகொள்ளாமல் அலைந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத சில வம்சங்களும் இந்த இனத்தில் உண்டு. வயிற்றுப்போக்கு விடாமல் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை செய்ததா என்று கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். பார்வையைப் பறிக்கும் விழித்திரை நோய் ஒன்றையும், வெள்ளணுக்களை முடக்கும் ‘கிளாட்’ என்ற நோயையும் அதில் கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் அந்த மயிர். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மெஷின் போட்டு மழிக்காதீர்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவினால் சிக்கு விழாது. புல்வெளியில் ஓடிவிட்டு வந்த அன்று கால்விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், தொங்கும் காதைப் புரட்டிப் பாருங்கள். கூர்மையான புல்விதை ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் வைத்துவிடும்.