'பிடித்திருந்தது' என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

பள்ளிக்காகப் படித்த புத்தகத்தைப் பற்றி 'உன் கருத்தை எழுது' என்றால், பெரும்பாலான மாணவர்கள் கதைச்சுருக்கத்தை எழுதி, கடைசியில் 'எனக்கு மிகவும் பிடித்திருந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். அதில் கதை இருக்கிறது, படித்தவரைக் காணோம்.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். படிக்கும்போது மனதில் தைத்த வரியைப் பக்க எண்ணோடு இடப்புறம் எழுதுங்கள். வலப்புறம், அந்த நொடியில் தோன்றியது: கோபம், சந்தேகம், சொந்த நினைவு, எதுவானாலும். இடப்புறம், 'அவள் கடிதத்தைப் பிரிக்காமலேயே பெட்டிக்குள் வைத்தாள், பக்கம் 42' என்று இருக்கட்டும். வலப்புறம், 'ஏன் பிரிக்கவில்லை? நானும் மதிப்பெண் பட்டியலை ஒரு நாள் முழுக்கப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பயம் வந்தால் பார்க்கத் தோன்றாது.' இவ்வளவு கிடைத்துவிட்டால் ஒரு பத்தி தானாக வளரும்.

புத்தகம் பிடிக்கவில்லை என்றாலும் தயங்காமல் எழுதலாம். எந்தப் பக்கத்தில் சலிப்புத் தட்டியது, ஏன் என்று காட்டினால் சரி. பின்னட்டையைப் பார்த்து மட்டும் எழுத வேண்டாம்.

ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்த கையோடு 5 நிமிடம் ஒதுக்குங்கள். மறுநாள் கதை நினைவிருக்கும். படித்தபோது தோன்றியது மறந்துபோயிருக்கும்.